கடல் கடந்த சிற்பி: நூறாண்டு விவாதமும் இன்றைய நிலையும்

ராதாபுரத்தின் பழைய சிவன் கோயில் வரகுண பாண்டீஸ்வரம் என்று ஓர் அரசனின் பெயரால் வழங்குகிறது. கிருஷ்ணாபுரத்தின் கர்ணன், வீரபத்திரன் சிலைகளைப் பார்க்கப் போகிறவருக்கு நாயக்கர் பெயர் சொல்லப்படுகிறது. நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்களைப் பற்றிக் கேட்டால் பாண்டியர், நாயக்கர் என்று ஆட்சிகளின் பெயர்கள் வரும். கல்லைப் பிளந்து, நூல் பிடித்து, உளி வைத்தவர்களின் பெயர்கள் அநேகமாக வருவதில்லை. தாமிரபரணிக் கரையில் பிறந்து அங்கேயே வேலை செய்து மறைந்த சிற்பிக்கே இந்த நிலை. அப்படியிருக்க, கப்பலேறிப் போன சிற்பியைத் தேடுவது இன்னும் கடினம்.

ஆனாலும் அந்தத் தேடல் நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது. தென்கிழக்காசியாவிலும் இலங்கையிலும் சீனத்திலும் கிடைத்த தமிழ்ச் சாயல் கொண்ட சிற்பங்களைச் செய்தவர் யார்? இங்கிருந்து போன சிற்பிகளா, அங்கேயே இருந்த கைவினைஞர்களா? போனவர்கள் என்றால் தங்கிவிட்டார்களா, திரும்பினார்களா? இன்று வெளிநாட்டுக் கோயில்களுக்கு வேலைக்குப் போகும் ஸ்தபதிகளையும், லண்டனில் குடியேறிப் புகழ்பெற்ற நவீனச் சிற்பிகளையும் இதே வரிசையில் வைக்கலாமா? இக்கேள்விகளுக்குச் சொல்லப்பட்ட விடைகளையும், அவை எங்கிருந்து வந்தன, எங்கே தளர்கின்றன என்பதையும் இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

சிற்பி போனார்: குடியேற்றக் கொள்கை

முதல் விடை மிக நேரானது. இந்தியர்கள் கடல் கடந்து குடியேறினார்கள். அரசும் சமயமும் மொழியும் கொண்டுசென்றார்கள். சிற்பிகளும் அவர்களோடு போனார்கள். 1926இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்ட 'பரந்த இந்தியா' சங்கத்தைச் சுற்றி இந்தக் கருத்து வலுப்பெற்றது. வரலாற்றாசிரியர் ஆர். சி. மஜும்தார் தென்கிழக்காசியாவின் சம்பாவையும் சுவர்ணத்வீபத்தையும் பற்றி எழுதிய நூல்கள் அதன் முக்கியமான வெளிப்பாடு. அடிமை நாடாக இருந்த இந்தியாவுக்கு, தானும் ஒரு காலத்தில் கடல் தாண்டிப் பண்பாட்டை எடுத்துச் சென்ற நாடு என்ற எண்ணம் பெருமிதம் தந்தது. அந்தத் தேவையை இன்று ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அது சான்றுகளைப் படித்த விதத்தைப் பாதித்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்தத் தரப்பின் தமிழக முகமாகச் சொல்லத்தக்கவர் தாமிரபரணிக் கரையைச் சேர்ந்தவர். 1892இல் கல்லிடைக்குறிச்சியில் பிறந்து, திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்த கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி, தாய்லாந்தின் தகுவாப்பாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டையும், சுமத்ராவின் பாருஸ் அருகே கிடைத்த 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டையும் ஆராய்ந்து எழுதினார். முதலாவதில் அவனிநாரணம் என்ற குளமும் மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவும் வருகின்றன. இரண்டாவது, ஐந்நூற்றுவர் என்ற பெருவணிகக் குழுவின் கல்வெட்டு. மஜும்தாரைவிட நீலகண்ட சாஸ்திரி சான்றோடு நெருங்கி நின்றவர். தமிழ் வணிகர்கள் அந்தக் கரைகளில் குழுவாக வாழ்ந்தார்கள், குளம் வெட்டினார்கள், தங்களுக்குள் ஒழுங்கு வைத்திருந்தார்கள் என்பதை அவர் எழுத்துகளுக்குப் பிறகு மறுக்க முடியவில்லை.

தளர்ச்சி எங்கே என்றால், வணிகரிலிருந்து சிற்பிக்குத் தாவும் இடத்தில். வணிகர் குடியிருந்த ஊரில் கோயில் இருந்திருக்கும், கோயில் இருந்தால் சிற்பி வந்திருப்பார் என்பது நியாயமான ஊகம். ஆனால் ஊகம்தான். இரு கல்வெட்டுகளும் குளத்தையும் குழுவையும் பேசுகின்றன, சிற்பியைப் பேசவில்லை.

போனது மாதிரி: உள்ளூர்க் கைகளின் தரப்பு

எதிர்த்தரப்பு நெதர்லாந்து அறிஞர்களிடமிருந்து வந்தது. எஃப். டி. கே. பாஸ் 1920களிலேயே ஒரு சங்கடமான கேள்வியை எழுப்பினார்: சாவகத்தின் (ஜாவா) போரோபுதூரையும் பிரம்பனானையும் இந்தியச் சிற்பிகள் கட்டினார்கள் என்றால், அவற்றைப் போல இந்தியாவில் ஒன்றாவது இருக்க வேண்டாமா? அப்படி ஒன்று இல்லை. ஆகவே சாவகச் சிற்பிகளே சிற்ப நூல்களின் வழிகாட்டுதலோடு இவற்றைச் செய்தார்கள் என்று அவர் முடிவுசெய்தார். 1934இல் வான் லியூர் இதை மேலும் அழுத்தினார். மூட்டை சுமந்து திரிந்த சிறுவணிகர்களால் உயர்கலையை எடுத்துச் சென்றிருக்க முடியாது. உள்ளூர் அரசவைகளே வேண்டியதைத் தேர்ந்து வரவழைத்தன என்றார். பிற்காலத்தில் ஓ. டபிள்யூ. வோல்டர்ஸ், வெளியிலிருந்து வந்தவற்றை அந்தந்த மண் தன் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டதே முதன்மையான செய்தி என்று வாதிட்டார்.

சிற்பத் தொழிலின் உள்ளமைப்பும் இந்தத் தரப்புக்குத் துணை நிற்கிறது. நம் சிற்ப மரபில் உருவத்தின் அளவு தாலக் கணக்கில் அடங்குகிறது. முகத்தின் நீளத்தை ஓர் அலகாகக் கொண்டு, உத்தமத் தெய்வங்களுக்கு இத்தனை தாலம், பரிவாரங்களுக்கு இத்தனை தாலம் என்று வகுத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு ஓலையில் எழுதி எடுத்துச் செல்லக்கூடியது. தியான சுலோகம் மனத்தில் எடுத்துச் செல்லக்கூடியது. ஒரு சிறு செப்புப் படிமம் கப்பலில் போனால், அதைப் பார்த்து வேறொரு கை பெரிய கற்சிலையைச் செதுக்க முடியும். ஆள் போகாமலே பாணி போகலாம்.

இந்தத் தரப்புக்கும் பலவீனம் உண்டு. நூலில் உள்ளது கணக்கு. உளியின் அடி நூலில் இல்லை. எந்தச் சாய்வில் உளி பிடிப்பது, எங்கே கல்லை விட்டுவைப்பது, முகத்தை எப்போது தொடுவது என்பவை ஆசானின் பக்கத்தில் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் பழகுபவை. நூல் மட்டுமே போயிருந்தால் தொடக்கத்தில் தடுமாற்றம் தெரிந்திருக்கும். சில இடங்களில் முதல் சிற்பமே முதிர்ந்த கையின் வேலையாக நிற்கிறது. அதை நூலால் மட்டும் விளக்க இயலாது. மேலும் இந்த வாதம் பெரும்பாலும் சாவகத்தின் பெருங்கோயில்களை வைத்து எழுந்தது. வணிகர் கட்டிய சிறு கோயில்களுக்கும் அது அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது.

கடல் தடையா?

இடையில் ஒரு சமூக விளக்கமும் வந்துபோனது. கடற்பயணத்தைச் சாத்திரம் விலக்கியது. எனவே சிற்பிகள் அதிகம் போயிருக்க மாட்டார்கள் என்பது அது. பௌதாயன தர்ம சூத்திரம் கடற்பயணத்தைக் குற்றமாகச் சொல்வது உண்மை. ஆனால் அந்த விதி பிராமணரை நோக்கியது. தென்கிழக்காசிய அரசவைகளில் பிராமணர்களும் இருந்தார்கள் என்பதால் அவர்களையும் அது முழுதாகக் கட்டுப்படுத்தவில்லை. கல்தச்சரும் தட்டாரும் கொல்லரும் கன்னாரும் தச்சரும் அடங்கிய கம்மாளர் சமூகத்தின் மீது அந்த விதிக்கு எவ்வளவு பிடி இருந்தது என்பது ஐயத்துக்குரியது.

அவர்களைக் கட்டிய கயிறுகள் வேறு. கொங்கு நாட்டுச் சோழர் காலக் கல்வெட்டுகள் கம்மாளருக்குச் சில உரிமைகளை வழங்குகின்றன: நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், செருப்பு அணிந்து வெளியே போகலாம், வீட்டுக்குச் சாந்து பூசலாம். அரசன் ஆணையிட்டுத் தர வேண்டிய உரிமைகளாக இவை இருந்தன என்றால், அதற்கு முன் அவர்களின் வாழ்நிலை என்ன என்பது விளங்கும். கலையின் உச்சியில் இருந்தவர்கள் சமூகத்தில் அந்த உயரத்தில் வைக்கப்படவில்லை. அப்படிப்பட்ட ஒரு சமூகத்துக்குக் கடல் கடப்பது இழப்பாகவும் இருந்திருக்கலாம், விடுதலையாகவும் இருந்திருக்கலாம். இந்தக் கோணத்தில் இடப்பெயர்வை ஆராய்ந்த எழுத்து குறைவு. இருந்திருக்க வேண்டிய அளவுக்கு இல்லை என்பது இத்துறையின் பெரிய குறை.

மூன்று கரைகள், மூன்று வகைச் சான்று

பொதுக் கொள்கைகளை விட்டுக் குறிப்பிட்ட இடங்களுக்கு வந்தால் விவாதம் தெளிவடைகிறது. முதலில் தகுவாப்பா. கல்வெட்டு கிடைத்த பகுதியிலேயே திருமாலும் உடன் இருக்கும் உருவங்களும் கொண்ட கற்சிற்பத் தொகுதி கிடைத்தது. அதன் பல்லவ, பாண்டியச் சாயலை அறிஞர்கள் பொதுவாக ஒப்புக்கொள்கிறார்கள். அருகிலேயே தமிழ்க் கல்வெட்டும் இருப்பதால், தமிழ்நாட்டுச் சிற்பி ஒருவர் அங்கே வேலை செய்தார் என்பதற்கு மிக நெருங்கி வரும் இடம் இதுவே. ஆனால் சிற்பமும் கல்வெட்டும் ஒரே முயற்சியின் பகுதிகளா என்பது உறுதியாக வேண்டும்.

இரண்டாவது பொலன்னறுவை. சோழர் அங்கே ஆட்சி செய்த காலத்தில் எழுந்த வானவன்மாதேவி ஈச்சரம் சோழ நாட்டுக் கோயிலை அப்படியே ஒத்தது. அங்குள்ள சிவன் கோயில்களின் இடிபாடுகளில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொல்லியலாளர் எச். சி. பி. பெல் கண்டெடுத்த செப்புத் திருமேனிகளும், 1960இல் கிடைத்தவையும் நீண்ட விவாதத்தைக் கிளப்பின. இவை தஞ்சைப் பகுதியில் வார்த்துக் கப்பலில் வந்தவை என்பது ஒரு கட்சி. பொலன்னறுவையிலேயே வார்த்தவை என்பது மறு கட்சி. பீடத்தின் அலங்காரத்திலும் முக அமைப்பிலும் தெரியும் வேறுபாடுகளை இரண்டாம் கட்சி சுட்டுகிறது. செப்புச் சிலையே நகரக்கூடியது என்பதால் பாணியை மட்டும் வைத்து இந்த வழக்கு தீராது. மெழுகு வார்ப்பில் உள்ளே தங்கும் மண்ணையும் உலோகக் கலவையையும் ஆய்ந்தால் விடை நெருங்கி வரலாம்.

மூன்றாவது சீனத்தின் சுவான்சௌ. 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்–சீனக் கல்வெட்டு, சம்பந்தப் பெருமாள் என்பவர் திருக்கானீச்சரமுடையாரை எழுந்தருளுவித்த செய்தியைச் சொல்கிறது. அந்நகரில் நூற்றுக்கணக்கான சிற்பத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன; நரசிம்மரும் கண்ணனும் கொண்ட தூண்கள் இன்றும் கைய்யுவான் புத்தக் கோயிலில் நிற்கின்றன. ஆனந்த குமாரசாமி 1933இலேயே இவற்றைப் பற்றி எழுதினார். பின்னர் ஜான் கய், ரிஷா லீ போன்றோர் விரிவாக ஆராய்ந்தார்கள். கதைகள் தமிழ்நாட்டுக் கதைகள். கோயில் அமைப்பும் தமிழ்நாட்டு அமைப்பு. ஆனால் கல் அந்தப் பகுதியினது. பூவேலையிலும் உருவங்களின் திரட்சியிலும் சீனக் கையின் பழக்கம் தெரிகிறது. தமிழர் சொல்ல, சீனக் கல்தச்சர் செதுக்கினர் என்ற விளக்கம் இன்று பெரிதும் ஏற்கப்படுகிறது. சொன்னவர் வணிகரா, அல்லது உடன் வந்த தமிழ்ச் சிற்பி ஒருவரா என்பது மட்டும் திறந்தே இருக்கிறது.

இம்மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு முறைமை தோன்றுகிறது. பாணியைக் கேட்பதற்கு முன் பொருளைக் கேட்க வேண்டும். செம்பு தானே பயணம் செய்யும். அது சிற்பியின் பயணத்துக்குச் சாட்சியாகாது. உள்ளூர்க் கல்லில் செதுக்கிய கட்டடப் பகுதி அந்த இடத்தில் ஒரு கை வேலை செய்ததற்குச் சாட்சி. யாருடைய கை என்பதற்குச் சாட்சியாகாது. 'சிற்பி போனாரா' என்ற ஒற்றைக் கேள்வியைப் பல சிறு கேள்விகளாக உடைத்த பிறகுதான் விடைகள் நிற்கின்றன.

பெயர் துறந்த சிற்பியா, பெயர் இழந்த சிற்பியா?

சிற்பியின் பெயரின்மைக்குத் தத்துவ விளக்கம் தந்தவர் ஆனந்த குமாரசாமி. 1877இல் கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, 1917 முதல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றி, அமெரிக்காவிலேயே 1947இல் மறைந்தவர். இந்தியக் கைவினைஞர் பற்றி 1909இல் எழுதிய நூலிலும் பிற்காலக் கட்டுரைகளிலும், மரபுவழிச் சிற்பி தன் பெயரைப் பொருட்படுத்தாதவர், தன்னைக் கடந்த ஒன்றுக்குக் கருவியானவர் என்ற சித்திரத்தை வலுவாக வரைந்தார். காலனிய அறிஞர்கள் இந்தியச் சிற்பத்தை வெறும் கைத்திறன் என்று ஒதுக்கிய காலத்தில் அதற்கு மதிப்பை மீட்டுத் தந்த எழுத்து அது. தமிழுலகம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது.

ஆயினும் கல்வெட்டுகள் அந்தச் சித்திரத்தை முழுதாக ஆதரிக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சனைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஹொய்சளக் கோயில்களில் மல்லிதம்மா முதலானோர் சிலைகளின் அடியில் தம் பெயரை வெட்டினார்கள். பட்டதகல் விரூபாட்சர் கோயிலில் எட்டாம் நூற்றாண்டிலேயே குண்டன் அனிவாரிதாசாரியும், தென்திசைச் சூத்திரதாரியாகப் புகழப்படும் சர்வசித்தி ஆசாரியும் பட்டங்களோடு நிற்கிறார்கள்.

பட்டதகல் சான்று நம் கேள்விக்கு மிக முக்கியமானது. சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்ற பின் அவன் அரசி எழுப்பிய கோயில் அது. காஞ்சி கைலாசநாதர் கோயிலின் சாயல் அதில் தெரிவதால், பல்லவ நாட்டுச் சிற்பிகளைச் சாளுக்கியர் அழைத்துச் சென்றனர் என்று பலர் எழுதினார்கள். தென்திசை என்பது காஞ்சியைத்தான் குறிக்க வேண்டுமா, தென்னகப் பாணியில் தேர்ந்த சாளுக்கிய நாட்டுச் சிற்பியைக் குறிக்கக் கூடாதா என்று மற்றவர்கள் கேட்டார்கள். பெயரும் பட்டமும் கோயிலும் கிடைத்த பிறகும், தரைவழியே சில நூறு மைல் இடப்பெயர்வைக்கூட உறுதிசெய்ய முடியவில்லை. கடல்வழி இடப்பெயர்வை உறுதிபடப் பேசுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஆக, சிற்பி எப்போதும் பெயர் துறந்தவர் என்பது மிகை. பெயரைப் பொறிக்க இடம் கிடைத்தபோது அவர் பொறித்தார். கழுகுமலையில் வெட்டுவான்கோயிலைச் செதுக்கியவர்கள் பற்றித் தந்தை, மகன் போட்டியாக ஒரு கதை வழங்குகிறது. பெயர் கிடைக்காதபோது மக்கள் ஒரு கதையையாவது கொடுத்தார்கள் என்றே இதைக் கொள்ள வேண்டும்.

பெயரோடு போனவர்கள்

இருபதாம் நூற்றாண்டில் இன்னொரு வகைச் சிற்பி தோன்றினார். கலைப்பள்ளியில் படித்து, தன் பெயரில் கண்காட்சி வைத்து, வெளிநாட்டில் வாழ்ந்தவர். இவ்வகையில் முன்னோடியாகச் சொல்லத்தக்கவர் வங்கத்தில் பிறந்த பணீந்திரநாத் போஸ் (1888–1926). எடின்பரோவில் பயின்று, ஸ்காட்லாந்திலேயே தங்கி, பரோடா மன்னருக்கு வெண்கலச் சிலைகள் செய்து, 1925இல் ராயல் ஸ்காட்டிஷ் அகாடமியின் இணை உறுப்பினராகத் தேர்வுபெற்ற முதல் இந்தியரானார். மறு ஆண்டே மறைந்தார். ஐரோப்பிய வடிவ மொழியை முழுமையாக உள்வாங்கியவர் அவர். அதனால் இந்தியக் கலை வரலாற்றிலும் பிரிட்டன் கலை வரலாற்றிலும் அவருக்கு ஓரமான இடமே கிடைத்தது.

அடுத்த தலைமுறைகளில் இரு நிலைப்பாடுகள் எதிரெதிராக நின்றன. 1964இல் கராச்சியிலிருந்து லண்டன் போன கலைஞர் ரஷீத் அராயீன், புலம்பெயர்ந்த கலைஞர்களைப் பிரிட்டனின் நவீனக் கலை வரலாறு திட்டமிட்டு விலக்கியது என்று வாதிட்டு, 1989இல் ஹேவர்ட் அரங்கில் 'வேறொரு கதை' என்ற கண்காட்சியை அமைத்தார். மும்பையில் 1954இல் பிறந்து இளமையில் லண்டன் சென்ற அனிஷ் கபூர் அதில் பங்கேற்கவில்லை. கலைஞனை அவன் பிறந்த நாட்டின் பெயரால் அடைப்பதை அவர் தொடர்ந்து மறுத்துவந்திருக்கிறார். 1991இல் டர்னர் பரிசு பெற்றார். சிகாகோவின் 'கிளவுட் கேட்' அவரை உலகறியச் செய்தது. அதே நேரத்தில், அவரது தொடக்ககால வண்ணப்பொடிச் சிற்பங்களில் கோயில் வாசல்களின் குங்குமமும் மஞ்சளும் இருப்பதாக விமரிசகர்கள் படிக்கிறார்கள்.

இரண்டிலும் உண்மை இருக்கிறது, இரண்டிலும் இடைவெளி இருக்கிறது. அராயீனின் கோரிக்கை விலக்கப்பட்டவர்களுக்கு இடம் தேடுகிறது. ஆனால் அவர்களைப் பிறப்பின் பெயரிலேயே ஒன்றுகூட்டுகிறது. கபூரின் மறுப்பு கலைக்குச் சுதந்திரம் கேட்கிறது. ஆனால் அந்தச் சுதந்திரத்தைக் கோரும் வலிமை எல்லாப் புலம்பெயர்ந்தோருக்கும் வாய்ப்பதில்லை. இருவருக்கும் ஒரு பொதுச் செல்வம் உண்டு: காட்சிப் பட்டியலும் விமரிசனமும் அருங்காட்சியகப் பதிவும். அவர்கள் எப்போது, எங்கே, எதைச் செய்தார்கள் என்பதில் வருங்கால ஆய்வாளருக்கு ஐயம் எழாது.

ஒப்பந்தத்தில் போனவர்கள்

இந்தச் செல்வம் இல்லாமலே போனவர்களின் வரிசைதான் மிக நீளமானது. பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கொழும்பு பொன்னம்பலவாணேசுவரத்தைக் கருங்கல்லில் புதுப்பித்தபோது தென்னிந்தியக் கைகள் வேலை செய்தன. சிங்கப்பூர், மலேசியா, மொரீஷியஸ் கோயில்களின் கோபுரங்களில் தமிழ்நாட்டுச் சுதைச் சிற்பிகளின் உழைப்பு படிந்திருக்கிறது. 2006இல் பத்துமலையில் திறக்கப்பட்ட 140 அடி முருகன் சிலையை வடித்த திருவாரூர் தியாகராஜன் ஸ்தபதி, பின்னர் சேலம் மாவட்டத்தில் அதைவிட உயரமான முருகனையும் வடித்தார். அமெரிக்காவில் நியூயார்க் ஃப்ளஷிங் விநாயகர் கோயிலுக்கும் பிட்ஸ்பர்க் வேங்கடேசுவரர் கோயிலுக்கும் 1977இல் குடமுழுக்கு நடந்ததிலிருந்து இந்தப் போக்குவரத்து மேற்கிலும் பெருகியது.

இவர்களை ஆய்வாளர்கள் இருவிதமாகப் பார்க்கிறார்கள். மரபு கடல் கடந்து தழைக்கிறது என்று மகிழ்வோர் ஒரு சாரார். வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபட்ட பாணிகள் கரைந்து, எந்த நாட்டிலும் ஒரே மாதிரியான கோபுரம் எழுகிறது என்று கவலைப்படுவோர் மறு சாரார். இரு பார்வையும் கட்டடத்தைப் பார்க்கின்றன. வேலை செய்தவரை அதிகம் பார்க்கவில்லை. குறுகிய கால விசாவில் வந்து, கோயில் வளாகத்திலேயே தங்கி, குடமுழுக்கு முடிந்ததும் திரும்பும் இவர்கள் குடியேறியவர்கள் அல்லர். புலம்பெயர்வு பற்றிய ஆய்வுகளில் அவர்கள் விடுபட இது ஒரு காரணம். கலை வரலாற்றுக்கு அவர்கள் கைவினைஞர் என்பது மற்றொரு காரணம்.

இங்கும் பொருளே பாதையைத் தீர்மானிக்கிறது. கோபுரச் சுதை அந்த இடத்தில்தான் உருவாக முடியும். கம்பி கட்டி, சாந்து பூசி, ஈரம் காயும் முன் முகம் தீட்ட வேண்டும். ஆகவே சுதைச் சிற்பி நேரில் போயே தீர வேண்டும். கருங்கல் அப்படியன்று. தட்டிப் பார்த்து ஓசையால் ஆண் கல், பெண் கல், அலி கல் என்று தேர்ந்தெடுக்கும் அறிவு நம் மலைகளோடு பிணைந்தது. மூலவர் திருமேனிகள் இங்கேயே வடிக்கப்பட்டுக் கப்பலேறுகின்றன. கருங்கல் சிற்பி பட்டறையிலேயே இருக்கிறார்.

இதன் பெரிய எடுத்துக்காட்டு ஹவாயின் காவாய் தீவிலுள்ள இறைவன் கோயில். மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியின் முதல்வராக இருந்த வை. கணபதி ஸ்தபதி (1927–2011) வடிவமைத்தது. பெங்களூர் அருகே இதற்காகவே அமைந்த பணிக்களத்தில் 1990இல் கல்வேலை தொடங்கியது. கையுளியால் செதுக்கிய கற்கள் கப்பலில் போய்த் தீவில் அடுக்கப்பட்டன. 2023இல் குடமுழுக்கு நடந்தது. கல் முழுதும் புலம்பெயர்ந்தது. அடுக்கிப் பொருத்தும் சிற்பிகள் மட்டும் போய்வந்தனர். அதே கணபதி ஸ்தபதி வடித்து 2000ஆம் ஆண்டு முதல் நாளில் திறக்கப்பட்ட குமரிமுனை 133 அடி வள்ளுவர் சிலைக்கும் ஒரு பணிக்களம் தாமிரபரணிக் கரையின் அம்பாசமுத்திரத்தில் இயங்கியது. ராதாபுரம் வட்டாரத்துக்கு அடுத்துள்ள மயிலாடியின் பட்டறைகளும் இதே தொழிலின் பகுதி. இங்கே உளி பிடிப்பவர் ஊரை விட்டு நகராமலே தொலைநாட்டுக் கோயிலின் சிற்பியாக இருக்க முடியும்.

இந்த நிகழ்காலச் சித்திரத்தைக் கொண்டு பழங்காலத்தைத் திரும்பப் படிக்கலாம். எல்லாம் போனது, எல்லாம் அங்கே பிறந்தது என்ற இரு முனைகளுக்கு நடுவே பல வழிகள் இருக்கின்றன: மூலவர் இங்கிருந்து போயிருக்கலாம், மேற்பார்வைக்கு ஒரு பெருந்தச்சர் போய்த் திரும்பியிருக்கலாம், மற்ற வேலையை உள்ளூர்க் கைகள் முடித்திருக்கலாம். சுவான்சௌவுக்கு இந்தக் கலப்பு விளக்கம் நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் இன்றைய ஒப்பந்த முறையை அன்றைய வணிகக் குழுக்கள் மீது அப்படியே ஏற்றிவிடக் கூடாது. விரைவான பயணமும் விசா விதிகளும் இல்லாத காலத்தில், போனவர் திரும்பும் வாய்ப்பு வேறு வகையில் தீர்மானமாகியிருக்கும்.

கல்லிடைக்குறிச்சி தரும் பாடம்

பாணியால் எதை நிறுவ முடியும், எதை முடியாது என்பதற்குத் தாமிரபரணிக் கரையிலேயே தெளிவான எடுத்துக்காட்டு இருக்கிறது. கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயிலின் நடராசர் திருமேனி 1982இல் களவுபோனது. 2001இல் தெற்கு ஆஸ்திரேலியக் கலைக்கூடம் அதை வாங்கியது. 2019இல் அது தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. அங்கே இருந்தவரை அதன் பாணி பார்ப்பவருக்குப் பாண்டிய நாட்டைச் சொல்லியிருக்கும். எந்த ஊர், எந்தக் கோயில் என்று சொல்லியிருக்க முடியாது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்னரே எடுத்துவைத்திருந்த புகைப்படமே ஊரைச் சொன்னது.

சிலைக்குப் பொருந்துவது சிற்பிக்கும் பொருந்தும். பாணி ஒரு நாட்டையும் ஒரு காலத்தையும் காட்டும். ஆளைக் காட்டுவதற்குப் பதிவு வேண்டும். குடியேற்றத் தரப்பும் உள்ளூர்த் தரப்பும் நூறாண்டாக மோதிக்கொண்டதற்கு ஒரு முக்கியக் காரணம், பாணி தர இயலாத விடையை இரு தரப்புமே பாணியிடம் கேட்டதுதான்.

தீர்ந்தவையும் தீராதவையும்

இதுவரையான ஆய்வில் சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். தமிழ் வணிகர்கள் கடல் கடந்து குழுவாக வாழ்ந்து கோயில் எடுத்தார்கள். அந்தக் கோயில்களில் சிலவற்றிலேனும் உள்ளூர்க் கைகள் வேலை செய்தன. மரபுச் சிற்பி பெயரே வேண்டாதவர் என்பது கல்வெட்டுகளால் பொய்க்கிறது. ஆள், மாதிரி, மூலப்பொருள் மூன்றும் தனித்தனியே பயணம் செய்யக்கூடியவை. ஒன்றின் வருகை மற்றதன் வருகைக்குச் சான்றாகாது.

தீராதவை அதிகம். தகுவாப்பாவின் சிற்பத்துக்கும் கல்வெட்டுக்கும் உள்ள உறவு, பொலன்னறுவைச் செப்புகள் வார்க்கப்பட்ட இடம், சுவான்சௌவில் தமிழ்ச் சிற்பி ஒருவராவது இருந்தாரா என்பது ஆகியவற்றில் கல்லியல், உலோகவியல், உளித்தடம் சார்ந்த ஆய்வுகள் மேலும் நடக்க வேண்டும். போன சிற்பிகளின் சமூக வாழ்வு கேள்வியாகக்கூட இன்னும் சரியாக எழுப்பப்படவில்லை. அங்கே திருமணம் செய்தார்களா, பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுத் தந்தார்களா, இங்கே இல்லாத மதிப்பு அங்கே கிடைத்ததா என்பவற்றுக்கு இப்போதைய சான்றுகள் விடை தருவதில்லை. சில ஒருபோதும் விடை பெறாமல் போகலாம் என்பதையும் ஏற்க வேண்டும்.

ஆனால் நிகழ்காலத்துக்கு அந்த மன்னிப்பு கிடையாது. இன்று சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நியூ ஜெர்சிக்கும் போய்வரும் சிற்பிகள் உயிரோடு இருக்கிறார்கள்; அவர்களது பயணச்சீட்டும் ஒப்பந்தமும் கூலிக் கணக்கும் இருக்கின்றன. குடமுழுக்கு மலர்களில் நிதி தந்தோர் பட்டியலுக்குப் பக்கத்தில் வேலை செய்தோர் அனைவரின் பெயரும் ஊரும் அச்சேற வேண்டும். தலைமை ஸ்தபதியின் பெயரோடு நின்றுவிடக் கூடாது. சிற்பக் கல்லூரியும் பல்கலைக்கழகங்களும் பட்டறை பட்டறையாக வாய்மொழி வரலாறு சேகரிக்க வேண்டும். மயிலாடியிலும் அம்பாசமுத்திரத்திலும் தொடங்கினால்கூடப் போதும். பழைய கேள்விக்கு முழு விடை கிடைக்கும் என்று உறுதி கூற முடியாது. இனி வரும் நூற்றாண்டின் ஆய்வாளர் இதே கேள்வியை இதே இருட்டில் கேட்காமல் பார்த்துக்கொள்வது மட்டும் நம் தலைமுறையின் கையில் இருக்கிறது.